முட்டை அவிக்கும் ஊரும் துரு தட்டிய தாத்தாவும்

முந்தாநாள் நான் போட்ட பயிற்சித்தாள் படத்தைப் பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். அதோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். உள்பெட்டியில் வந்து குவிந்த அறிவுரைகள் விடவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக: தொடக்கநிலை 3 படிக்கும் என் மகளுக்கு வட்டார வரலாற்றுப் பாடம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் எங்கள் செம்பவாங் வட்டாரம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அவள் தாத்தாவின் இடது பக்கம் உட்கார்ந்து (வலது காது சுத்தமாகக் கேட்காது) கத்திக் கத்திக் கேட்டு எழுதினாள். "என் தாத்தா கப்பலின் வயிற்றுக்குள் போய்த் துரு தட்டினார்." அதன்மேல் சிவப்பு வட்டம். குடும்பத்தைப் பற்றி வேண்டாம், இடத்தைப் பற்றி எழுது என்று குறிப்பு. மாதிரி விடையில் இருந்தது வெந்நீர் ஊற்று. அங்கே முட்டை அவிக்கலாமாம்.

அவிக்கலாம்தான். நாங்களும் போய் அவித்திருக்கிறோம். ஆனால் ஆட்களைக் கழித்துவிட்டால் இடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது, முட்டையைத் தவிர?

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். அது பாடத்தில் இருக்கிறது, சந்தோஷம். 1938இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைத் திறந்தார்கள், அதுவும் ஒரு வரி இருக்கிறது. மால்ட்டா, ஜிப்ரால்ட்டர், டர்பன் என்று தெருப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. துரைமார் இருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்த்து வந்தார்கள். அந்தத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள், மலையாளிகள், சீனர்கள், மலாய்க்காரர்கள் எங்கே? அவர்கள் பெயரில் தெரு இல்லை, அதனால் பாடத்திலும் இல்லை போலிருக்கிறது.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் எடுத்துக்கொண்டு போவதாக அறிவித்தபோது, தளத்தின் கப்பல் பட்டறையில் இருந்த என் அப்பாவுக்கு, அதாவது மகளின் தாத்தாவுக்கு, இருபத்திரண்டு வயது. அந்த வருடமே டிசம்பரில் அந்தப் பட்டறை, பேருக்கு ஒரு வெள்ளி விலையில், சிங்கப்பூரின் கைக்கு வந்தது. ஒரு வெள்ளி! அதற்குள் அப்பாவும் அடக்கம் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். அந்த ஒரு வருடம் வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் தூங்கியவர்களுக்கு அது நகைச்சுவை இல்லை.

துரு தட்டுவது என்றால் என்னவென்று தெரியுமா? கப்பலின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஆள் நுழைகிற ஓட்டை வழியாக இறங்க வேண்டும். நாலு பக்கமும் இரும்பு. கையில் சுத்தியல். பத்துப் பேர் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். காதில் பஞ்சு. இன்றைக்கு எங்கள் வீட்டு வசந்தம் தொலைக்காட்சிச் செய்தியை எதிர் புளோக்கும் கேட்கிறது என்றால் காரணம் அதுதான். இது குடும்பக் கதையா, செம்பவாங்கின் கதையா?

இனி உள்பெட்டி அறிவுரைகளுக்கு வருகிறேன். "வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஆசிரியருக்கு எங்கே நேரம்?" சரி, ஒப்புக்கொள்கிறேன். வட்டம் போட மட்டும் நேரம் இருந்தது.

"எல்லாவற்றிலும் இனத்தைப் பார்க்காதே அக்கா." எங்கே பார்த்தேன் தம்பி? அதே வகுப்பில் ஒரு சீனப் பையன், தன் பாட்டி கம்பத்தில் (அந்தக் காலத்துக் கிராமத்தில்) பன்றி வளர்த்ததை எழுதியிருக்கிறான். அவனுக்கும் அதே வட்டம்.

"ஒன்பது வயதுக்கு இதெல்லாம் அதிகம்." வெந்நீர் ஊற்றின் தண்ணீர் ஏன் சுடுகிறது என்று புரிகிற பிள்ளைக்குத் தாத்தாவின் காது ஏன் கேட்கவில்லை என்று புரியாதா?

தேசிய மரபுடைமைக் கழகம் செம்பவாங்குக்கே தனி மரபுடைமைப் பாதை வைத்திருக்கிறது என்று ஒருவர் இணைப்பு அனுப்பினார். நன்றி, எனக்கும் தெரியும். 1979இலிருந்து வாய்மொழி வரலாற்று நிலையம் சாதாரண மனிதர்களையும் உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்து வருகிறது. நாட்டுக்கு வரலாறாகத் தெரிவது ஒரு பயிற்சித்தாளுக்கு மட்டும் ஏன் குடும்ப விஷயமாகிறது?

கோபம் ஆசிரியர்மேல் மட்டும் இல்லை, சொல்லிவிடுகிறேன். உயர்நிலை 1இல் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'இஞ்சினியர்' என்று எழுதினேன். கையெழுத்துக்கு அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் அந்த ஒரு சொல்லை அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். தினமும் பட்டறைக் கதவில் பார்க்கிற சொல். கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

எங்கள் காலத்திலும் யாராவது ஓர் ஆசிரியர் அந்தத் தொட்டிக்குள் இறங்கியவர்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தியிருந்தால் நான் அப்படி எழுதியிருப்பேனா? எழுதியிருக்கலாம். எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேனோ என்னவோ.

மகள் சமர்த்து. பழையதை ரப்பரால் அழித்துவிட்டு, முட்டையைப் பற்றி நாலு வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள்.

நேற்று ராத்திரி அப்பா கேட்டார்: "பிள்ளைக்கு மார்க் வந்துச்சா? நான் சொன்னதெல்லாம் சரிதானாமா?"

இடது காதுப் பக்கம் போய், சரிதானாம்ப்பா என்று கத்தினேன்.