"ப்ராசஸ்ல இருக்கு மேடம்"

ஏழு வருடம் அமீரகத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் நடத்தினேன். ராஜினாமா செய்துவிட்டு நான் தருமபுரிக்கு வந்து சேர்ந்தாயிற்று, வேலையை விட்டால் பள்ளி கொடுக்கவேண்டிய செட்டில்மென்ட் பணம் மட்டும் வந்து சேரவில்லை. எப்போது போன் செய்தாலும், "ப்ராசஸ்ல இருக்கு மேடம்." என்ன எழவு ப்ராசஸ் அது? ஏழாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்குக்கு இத்தனை மாதமா?

கணக்கைத்தான் பாருங்களேன். அந்த ஊர்த் தொழிலாளர் சட்டப்படி கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஏழு வருடத்துக்கு 165 நாள், முடிந்தது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லா பாக்கியையும் கொடுத்துவிடச் சொல்கிறது. நாமாக ராஜினாமா செய்தாலும் பிடித்தம் கிடையாது. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் கோபம் கூடுகிறது.

முதல் தில்லுமுல்லு சேரும்போதே நடந்துவிடுகிறது. மாதம் 5,000 திர்ஹம் என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒப்பந்தத்தைப் பிரித்தால் அடிப்படைச் சம்பளம் 2,000, மிச்சமெல்லாம் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி. கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். 27,500 திர்ஹம் வரவேண்டிய இடத்தில் 11,000 வரும். பெங்களூரு ஹோட்டலில் இன்டர்வியூ முடித்து, ஆஃபர் லெட்டரோடு கிருஷ்ணகிரி பஸ் ஏறுகிற பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. சரி, சட்டம் அதற்கு இடம் தருகிறது என்றே விடுவோம். அப்படிச் சுருக்கின 11,000ஐயும் கொடுக்காமல் இழுப்பார்களா?

விசா ரத்துப் படிவம் இதைவிட மோசம். "எனக்குச் சேரவேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து கேட்பார்கள். பணம் எங்கே என்றால், "சும்மா ஃபார்மாலிட்டி மேடம், கேன்சல் ஆனாத்தான் அக்கவுண்ட்ஸ்ல போடுவாங்க." கையெழுத்துப் போடாவிட்டால் விசா விவகாரம் அப்படியே தொங்கும். கல்வியாண்டு முடிந்து பள்ளியைப் பூட்டப்போகிற வாரத்தில், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டீச்சர் சண்டை போட்டுக்கொண்டு நிற்பாள்? ஊருக்கு வந்து கேட்டால், "வாங்கிட்டதா நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க" என்று அதே ஆள் திருப்பி அடிக்கிறார். வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பேசியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஊருக்கு வந்தபின் கையும் ஓடாது காலும் ஓடாது. அங்கிருந்த வங்கிக் கணக்கை மூடிவிட்டுத்தானே வந்தோம்? இந்தியக் கணக்குக்கு அனுப்ப மேனேஜ்மென்ட் அப்ரூவல் வேண்டுமாம். தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கப் போனால், ஓடிபி செத்துப்போன பழைய சிம்முக்குப் போகிறது. 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட தகராறை அமைச்சகமே தீர்த்து உத்தரவு போடலாம் என்று 2024 முதல் விதி இருக்கிறது. நல்ல விதிதான். நம் சார்பில் அங்கே போய் நிற்க ஒருவர் வேண்டுமே? அதற்கு பவர் ஆஃப் அட்டர்னி. தருமபுரியில் நோட்டரி, சென்னையில் தலைமைச் செயலகம், அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம், கடைசியாக அரபி மொழிபெயர்ப்பு. ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையில் மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கிற அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் சேராததால், ஒரே முத்திரையோடு முடிவதில்லை. ஒவ்வொரு முத்திரைக்கும் கட்டணம், ஏஜென்ட்டுக்குத் தனி. வரவேண்டிய பணத்தைத் தேடிப் போகவே பணம் கரைகிறது. இவள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று பள்ளிக்குத் தெரியும். அவர்களுடைய ப்ராசஸ் அதுதான்!

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா, "துபாய்ல சம்பாதிச்சவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா டீச்சர்?" என்கிறார். இரண்டரை லட்சம் ரூபாய் அக்கா! பையனின் காலேஜ் ஃபீஸுக்கு என்று நினைத்திருந்த பணம். இப்போது அதற்கு என் நகை அடகுக்கடையில் இருக்கிறது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்றார்கள். பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தோற்றன. ஆனாலும் ரிசல்ட் அன்று ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் கட்டுகிற நம்ம ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்க்கும் சிநேகிதிகளிடம் கிராஜுவிட்டி வாங்கினீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பழைய மாணவி பேசினாள். அவளுக்கும் அமீரகத்தில் ஆஃபர் வந்திருக்கிறதாம், போகலாமா மிஸ் என்றாள். போ என்றேன். ஆனால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் பார், சம்பளச் சீட்டை மாதாமாதம் உன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வை, திரும்பும்போது பணம் கணக்கில் ஏறாமல் அந்தப் படிவத்தில் கை வைக்காதே, இழுத்தடித்தால் அங்கே இருக்கும்போதே புகார் கொடு என்றேன். என் புகாருக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. அது இன்னும் முடியவில்லை. நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை சென்னைக்குப் போகிறேன்.