குடுத்து வச்ச மகராசன்

அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. திரும்ப இங்க போட்டு அதுக்கு இன்னும் நாலு பார்வை சேத்துக் குடுக்கப் போறதில்ல. 40 செகண்டுதான். நான் ராமேஸ்வரம் தீவுல விசைப்படகு மீனவன். இப்ப 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில. நான் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மணல்ல உக்காந்திருக்கேன். மகன் தூண்டில்ல மாட்டுன கெளுத்தியைத் தூக்கிப் புடிச்சுக் கத்துறான். பின்னாடி மக பட்டத்தை இழுத்துக்கிட்டு ஓடுறா. மேல எழுதியிருக்கு: “8,000 ரூபா சம்பளத்தோட 61 நாள் லீவு. குடுத்து வச்ச மகராசன்.” கூடவே அஞ்சு சிரிப்புப் பொம்மை.

போட்டது வெளியூர்க்காரனா இருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம்ம பய. எனக்கு மருமகன் முறை. அவனுக்குக் காது குத்தையில மாமன்னு மடி குடுத்தவன் நான். பேரைச் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். பாத்துட்டு இருக்கியாடா மாப்ள? படி.

முதல்ல சட்டம் பேசுனவங்களுக்குப் பதில் சொல்லிடுறேன், அது லேசு. “தடைக்காலத்துல மீன் புடிக்கிறானே, அதிகாரிங்க கண்ணுல படலையா”ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்குக் கடல்ல தடை விசைப்படகுக்குத்தான். மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம்னு இழுவை மடி வலையை நிறுத்தி வைக்கிறாங்க. முன்ன 45 நாள் இருந்துச்சு, 2017ல 61 ஆக்குனாங்க. நாட்டுப்படகு போகுது, தினமும் மீனும் வருது. அதைத்தானே வாங்கிக் கொழம்பு வச்சுச் சாப்புடுறீங்க? ஒம்பது வயசுப் பய கரையில நின்னு தூண்டில் போட்டு ஒரு சாண் கெளுத்தி புடிச்சதுல கடல்ல மீன் வளம் அழிஞ்சு போச்சுன்னா, அந்தப் பாவத்தை நானே ஏத்துக்கிறேன். அந்தக் கெளுத்தியையும் அவன் திரும்பக் கடல்லயே விட்டுட்டான். வீடியோ எடுத்த மகராசனுக்கு அது தேவைப்படல, வெட்டிட்டான்.

அடுத்தது இந்த 8,000. அரசாங்கம் குடும்பத்துக்குக் குடுக்குற நிவாரணம். முன்ன 5,000 இருந்துச்சு, அதுக்காக எத்தனை வருஷம் மனுக் கொடுத்தோம்னு சங்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். 8,000த்தை 61 நாளைக்கு வகுத்துப் பாருங்க. 131 ரூபா வருது. வீட்டுல நாலு பேரு, எங்கம்மாவையும் சேத்தா அஞ்சு. இதுதான் சம்பளத்தோட லீவாம்! இந்தச் சம்பளத்துக்கு இந்த லீவு வேணும்னா யாரு வேணா வந்து எடுத்துக்கங்க, நான் எழுதியே குடுத்துடுறேன்.

ஆனா எனக்கு வலிச்சது காசுப் பேச்சு இல்ல. கீழ ஒருத்தர், எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருதான், ரொம்ப மரியாதையா எழுதியிருக்கார்: “சும்மா இருக்கிற நேரத்துல புள்ளைகளோட விளையாடுறார், தப்பில்லையே.” எனக்காகப் பேசுறாராம். சும்மா இருக்கிற நேரத்துல!

நான் சும்மா இருக்கல. புள்ளைகளோட இருந்தேன்.

அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் நான் படகுகிட்ட. கரையேத்திப் போட்டிருக்கோம். அடிப்பலகை ரெண்டு மாத்தணும், விரிசல் அடைக்கணும், சுரண்டிப் பெயிண்ட் அடிக்கணும், இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்கு. வெயில் ஏறுனா பலகையில கை வைக்க முடியாதுன்னு பதினொரு மணிக்கு விடுவோம். அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியல பாத்துக்கங்க. வீட்டுக்கு வந்து கஞ்சியக் குடிச்சு ஒரு மணி நேரம் படுத்தா, மூணு மணிக்கு மறுபடி வலை. அஞ்சு மணிக்குத்தான் புள்ளைக வந்து கையப் புடிச்சு இழுக்கும். அந்த அஞ்சு மணிதான் உங்க 40 செகண்ட். காலையில வந்து பெயிண்ட் டப்பாவோட என்னைப் படம் புடிச்சிருக்கலாமே மாப்ள? அதுல சிரிப்பு வராதுல்ல.

தொழில் இருக்கிற மாசத்துல எப்படி இருப்பேன்னும் சொல்லிடுறேன், உள்நாட்டுல இருக்கிற நண்பர்களுக்குத் தெரியாது. திங்கள், புதன், சனி எங்களுக்குக் கடல். மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிக்கிட்டு காலையில போனா மறுநாள் காலைதான் கரை. வந்ததும் மீனைத் தரம் பிரிச்சு ஏத்தி விட்டு, கணக்கு முடிச்சு, வீட்டுக்கு வந்து விழுந்தா எழும்பும்போது பொழுது சாய்ஞ்சிருக்கும். மறுநாள் விடிஞ்சா திரும்பக் கடல். நடுவுல ஒரு நாள் கிடைச்சா அதுல பொத்தல் வலையும் டீசலுமா போயிரும். புள்ளைக பள்ளிக்கூடம் போறதையும் பாக்க மாட்டேன், வர்றதையும் பாக்க மாட்டேன். “அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதீங்க.” எங்க வீட்டுல என் புள்ளைக அதிகமாக் கேட்ட வார்த்தை இதுதான்.

நானும் இதைக் கேட்டுத்தான் வளந்தேன். எங்கப்பாவை எனக்கு முதுகாத்தான் தெரியும். வள்ளத்துல போவாரு, வருவாரு, சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. அந்த முதுகுல வெயில் பட்டுக் கறுத்த எடம், பனியன் மறைச்சதால வெளுத்த எடம், இடது தோள்ல கயிறு உரசுன தழும்பு எல்லாம் இப்பவும் வரைஞ்சு காட்டுவேன். முகம் அவ்வளவு ஞாபகம் இல்ல. போட்டோ பாத்துத்தான் சரி பண்ணிக்கிறது. வலை தைக்கும்போது மட்டும் பக்கத்துல உக்கார விடுவாரு. இலங்கை வானொலி பாடும். எங்க தீவுல அப்ப எல்லா வீட்டுலயும் அதுதான், மெட்ராஸ் வானொலியை விடக் கொழும்புதான் தெளிவாக் கேக்கும். ஒரே ஒரு கோடை லீவுல எனக்கு நுங்கு வண்டி செஞ்சு குடுத்தாரு. நுங்கு எடுத்த ரெண்டு பனங்காய்க்கு நடுவுல ஒரு குச்சி, தள்ளுறதுக்குக் கவட்டைக் கம்பு. அதைச் செய்ய பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பத்து நிமிஷத்தை இன்னைக்கு வரைக்கும் நான் செலவு பண்ணிக்கிட்டு இருக்கேன்.

“அதான் வேற ஊருக்குப் போய்ச் சம்பாதிக்கலாமே, கேரளாவுல அப்பத் தொழில் நடக்குதே”ன்னு கேக்குறவங்களுக்கு. தெரியும். மேற்குக் கடல்ல தடை நமக்கு முடியிற நேரத்துலதான் ஆரம்பிக்கும். இங்கருந்து நெறையப் பேரு போறாங்க, அவங்களக் குறை சொல்ல நான் யாரு. நானும் ரெண்டு வருஷம் போனேன். ரெண்டாவது வருஷம் திரும்பி வந்தப்ப மகளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து புதுசு எட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. ஓட்டைப் பல்லோட என் மக எப்படிச் சிரிச்சான்னு எனக்குத் தெரியாது. போன்ல பேசும்போது “ச”வுக்குக் காத்துதான் வந்துச்சு, சிக்னல் சரியில்லைன்னு நெனச்சேன். அதோட நிறுத்திட்டேன்.

கடன் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. யாருக்கு இல்ல. அதை விடுங்க.

இன்னொண்ணு. மே மாசம் தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டுல போய்ப் பாருங்க. 2017ல ரோடு போட்டதுல இருந்து சீசன்ல வரிசையா கார்தான். மதுரை, கோயமுத்தூர், பெங்களூர்னு எல்லா ஊரு நம்பரும் நிக்கும். அப்பன்மாரு புள்ளைகளத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அலையில நிப்பாங்க. பட்டம் விடுவாங்க. சங்கு பொறுக்குவாங்க. அதைப் போட்டோ எடுத்துப் போட்டா “அழகான குடும்பம்”, “நல்ல அப்பா”ன்னு இதயமாப் பறக்கும். அதே கடல், அதே மணல், அதே அஞ்சு மணி. கைலி கட்டுனவன் உக்காந்திருந்தா வேலவெட்டி இல்லாதவன். பேன்ட்டை முழங்காலு வரைக்கும் சுருட்டி விட்டவன் உக்காந்திருந்தா குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குறவன். நல்லா இருக்குங்க உங்க நியாயம். டவுன்ல இதையே சம்மர் கேம்ப்புன்னு காசு வாங்கிக்கிட்டு நடத்துறாங்களாம், இயற்கையோட பழகுறதாம். நான் ரசீது அடிச்சு வச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதோ என்னவோ.

சும்மா இருந்தேன்னு சொல்றீங்களே, என்ன செஞ்சோம்னு சொல்றேன். கெளுத்திய எப்படிப் புடிக்கணும்னு அவனுக்குக் காட்டுனேன். முதுகுல ஒரு முள்ளு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு முள்ளு, பக்கத்து முள்ளுக்குப் பின்னாடி விரலைக் குடுத்துப் புடிக்கணும், இல்லேன்னா ராத்திரி முழுக்கக் கடுக்கும். கச்சான் காத்து, அதான் மேற்கேருந்து வீசுறது, எடுத்துட்டா தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால குளிக்க வடகடலு, பட்டத்துக்குத் தென்கடலு. இது என் மகளுக்கு இப்பத் தெரியும், எந்தப் புத்தகத்துலயும் அவ படிக்கல. போன வாரம் பாம்பன் ரோட்டுப் பாலத்துல நின்னு புது ரயில் பாலம் தூக்குறதப் பாத்தோம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தா மேல போச்சு. பழைய பாலம், 1914ல கட்டுனது, ரெண்டாப் பிரிஞ்சு வாயத் தொறக்கும்டான்னு ரெண்டு கையாலயும் செஞ்சு காட்டுனேன். “அப்ப நீங்க அதுக்கு அடியில போயிருக்கீங்களாப்பா?”ன்னு கேட்டான். போயிருக்கேன்டா. அன்னைக்கு ராத்திரி தூங்குற வரைக்கும் அந்தக் கதைதான்.

கரண்டு போனா மொட்டை மாடி. சப்தரிஷி காட்டுனேன், தேள் மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம் தென்கிழக்க ஏறுறதக் காட்டுனேன். மக ஆறாமீன், அதான் கார்த்திகை நட்சத்திரம், எங்கன்னு கேட்டா. இப்ப வராதும்மா, வைகாசியில சூரியன் பக்கத்துல ஒளிஞ்சு கிடக்கும், ஆடியில விடியக்காலம் எழுப்பி விடுறேன்னேன். சொன்னதும் எனக்குப் புரிஞ்சிருச்சு, ஆடியில விடியக்காலம் நான் கடல்ல இருப்பேன். அவளுக்கும் புரிஞ்சிருக்கும். ஒண்ணும் சொல்லல. இதெல்லாம் சும்மா இருக்கிறவன் செய்யற வேலையா?

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, பேச வேணாம்னுதான் நெனச்சேன். போன வருஷம் எங்க பக்கத்துப் படகுல போனவங்க இலங்கைக் கடற்படைகிட்டப் புடிபட்டுத் திரும்பி வர எத்தனை மாசம் ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்த வீட்டுப் புள்ளை வாசல்ல உக்காந்திருந்ததப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். ஒவ்வொரு திங்கக்கிழமை காலையும் வாசப்படி தாண்டும்போது அந்தப் புள்ளை முகம்தான். வருஷத்துல 304 நாள் அந்தப் பயத்தோட இருக்கிறவன், 61 நாள் புள்ளையப் பக்கத்துல வச்சு முகரக் கூடாதா? அதுக்குமா சிரிப்புப் பொம்மை?

சரி, சூடாயிட்டேன். மன்னிச்சுக்கங்க.

இதை எழுதுறதுக்கு முன்னாடி வீட்டுல வாசிச்சுக் காட்டுனேன். அவ அடுப்படியில மாவு அரைச்சுக்கிட்டே கேட்டா. கேட்டு முடிச்சதும் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். “என்னங்க, பன்னெண்டு மாசமும் இதத்தானே நான் செய்றேன், என்னைய ஒருத்தரும் வீடியோ எடுக்கலையே”ன்னா. அப்புறம், “பல்லு விழுந்தத நான் பாத்தேன். கூரை மேல எறிஞ்சதும் நான்தான். அதையும் எழுதுங்க”ன்னா. எழுதிட்டேன்.

அவ கழுத்துச் சங்கிலி இப்ப எங்க இருக்குன்னும் கேட்டா. அதை எழுதச் சொல்லல, நானா எழுதுறேன். கடனை விடுங்கன்னு மேல சொன்னேன்ல, அதான்.

ஒரு விஷயத்துல அந்த மாப்ளைக்கு நன்றி சொல்லணும். என்கிட்ட இருக்கிறது பழைய போனு, கேமராவுல கீறல். நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கிற படம் என்கிட்ட வேற இல்ல. மேல இருக்கிற எழுத்தை மறைச்சுட்டு மகதான் அந்த வீடியோவை எனக்குச் சேத்து வச்சுக் குடுத்தா. மாப்ள, எழுத்தில்லாத முழு வீடியோ இருந்தா அனுப்பு, கெளுத்தியத் திரும்ப விடுறது வரைக்கும் இருக்கிறது.

இன்னைக்கு 42வது நாள். வாசல்ல மகன் கத்துறான், பட்டத்துக்கு வால் பத்தலையாம், என் பழைய வேட்டியக் கிழிக்கவான்னு கேக்குறான். எந்த வேட்டின்னு போய்ப் பாக்கணும். போன வருஷம் நல்லதக் கிழிச்சுட்டான்.