அதை ரசனை என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை நாகர்கோவிலில் 'கிரேஸ்டோக்' என்ற டார்சான் படத்தைத் திரையிட்டபோது, அழ வேண்டிய இடத்தில் சிலர் சிரித்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதைப் போய் பெரிசு பண்ணணுமா?" என்று ஒரு அண்ணாச்சி என்னை டேக் செய்து கேட்டிருக்கிறார். பெரிசு பண்ணத்தான் போகிறேன் அண்ணாச்சி.

படம் இழுக்கிறது என்று பாதியில் எழுந்து போனவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. 1932இல் ஜானி வெய்ஸ்முல்லர் வந்ததிலிருந்து டார்சான் என்றால் கூவிக்கொண்டே மரத்துக்கு மரம் தாவுவான் என்று பழகிவிட்டோம். 1984இல் ஹ்யூ ஹட்சன் எடுத்த இந்த 'கிரேஸ்டோக்'கில் டார்சான் என்ற பெயரையே யாரும் சொல்வதில்லை. எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம்தான். அது ரசனை, சரி.

நான் சொல்வது அந்தச் சிரிப்பை. தன்னை வளர்த்த குரங்கு லண்டனில் கூண்டுக்குள் கிடப்பதைப் பார்த்து நாயகன் திறந்துவிடுகிறான். அந்தக் குரங்கைத் துரத்திப் போய்ச் சுட்டுவிடுகிறார்கள். "அவர் என் அப்பா" என்று அவன் கதறுகிறான். அந்த இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு. ஒருவர் குரங்கு மாதிரி சத்தம் வேறு கொடுத்தார்.

வேஷம் செயற்கையாக இருந்ததாம், அதனால் சிரிப்பு வந்ததாம். ரிக் பேக்கரின் அந்த ஒப்பனை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அது கிடக்கட்டும். வேஷம் மோசம் என்றால் முதல் காட்சியிலேயே சிரித்திருக்க வேண்டாமா? அழும்போதுதான் சிரிப்பு வருமா?

இன்னொரு நண்பர் காலனியப் பார்வை என்கிறார். அதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்காரப் பிரபு வீட்டுப் பிள்ளை ஆப்பிரிக்கக் காட்டையே ஆள்வதாக 1912இல் டார்சான் கதையை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்லை. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். ஆனால் பின்வரிசையில் இருந்தவர்கள் காலனியத்தை எதிர்த்தா சிரித்தார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்கிறீர்கள். என் அப்பா கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். நான் கீழே டவுனில் படித்தேன். ஒருநாள் ஃபீஸ் கட்ட வேலை உடுப்போடேயே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். சட்டை முழுக்கக் கறை, ஒட்டுப்பால் நாற்றம். "யாருல இந்த மலங்குரங்கு?" என்று ஒருவன் கேட்டான். "எங்க அப்பா" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரசீதை வாங்கிக்கொண்டு போனார். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவன் 'என் அப்பா' என்று சொல்லும்போது சிரிப்பதை ரசனை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

"சினிமாவையும் வாழ்க்கையையும் குழப்பாதே" என்பீர்கள். குழப்பியது நானில்லை. திரையிடலைப் பற்றிய ஒரு பதிவின் கீழேயே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பேச்சிப்பாறைக்கு மேல போனா இந்த மாதிரி ஆளுகள நேர்லயே பாக்கலாம்." அதற்கு வரிசையாகச் சிரிப்பு இமோஜி. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் போட்டது.

அந்த மலையில் இருப்பவர்கள் காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்கள். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிப்பதற்கு முன்னாலிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். அந்த அணைத் தண்ணீரில்தான் நம் வயலும் தோப்பும் விளைகிறது. அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிகள்தான் 1987இல் களைப்பைப் போக்கும் ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகைச் செடியை விஞ்ஞானிகளுக்கு அடையாளம் காட்டினார்கள். ஆனால் இதெல்லாம் தெரிந்தால்தான் மரியாதை கொடுப்பீர்களா? ஒன்றுமே செய்யாத ஒரு காணிக்காரருக்கு மரியாதை கிடையாதா?

"தமாஷுக்குத்தானே மக்கா, விடு" என்று இன்பாக்ஸில் வருகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் எனக்கு இதையேதான் சொன்னார்கள். இந்தப் பதிவை எடுக்கச் சொல்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: எடுக்க மாட்டேன். அந்தக் கமெண்ட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.