எங்களுக்கும் பாட்டன் பூட்டன் உண்டு

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் கல்யாண மண்டபத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் லைவில் பார்த்திருப்பீர்கள். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. "கல்யாண வூடுடா, நம்ம பொண்ணு அங்க வாழணும்" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலையில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி ஒருவர் எனக்கே அனுப்பியிருக்கிறார், "உங்க வூட்டு விசேஷம்தானே?" என்று கேட்டு. ஆமாம், எங்கள் வீட்டு விசேஷம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் வயதில் மூத்தவர். பிள்ளைகள் அவர் ஆசீர்வாதத்தோடு நன்றாக இருக்கட்டும். சொந்தச் செலவில் வம்சாவளி மலர் அச்சடித்துத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார். அதிலும் எனக்கு வருத்தம் இல்லை. வழவழப்பான தாள், நடுப்பக்கத்தில் ஆலமரம், கிளைக்கு ஒரு பெயர், 14 தலைமுறை. தேடி அலைந்த உழைப்பு தெரிகிறது. வருத்தமெல்லாம் மைக்கைப் பிடித்துச் சொன்னதில்தான். "சில வீட்டில் தாத்தாவுக்கு மேல் கேட்டால் முழிப்பார்கள். வேர் தெரியாத இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறோம். பரவாயில்லை, இனி நம்ம வேரோடு சேர்ந்துகொள்ளட்டும்." கை தட்டினார்கள். தாய்மாமனுக்கென்று போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரே, எங்களுக்கும் வேர் இருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டியவர் யார் என்று உங்கள் மலரின் 9ஆம் பக்கமே சொல்கிறது.

"1980 வரை மணியம் பார்த்த குடும்பம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பிறப்பு இறப்பைப் பதிய வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1899இலேயே சட்டம் வந்தது. கிராமத்தில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர் ஊர் அதிகாரியான மணியக்காரர். 1980 நவம்பரில் பரம்பரை மணியம், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துவிட்டு வி.ஏ.ஓ.வைக் கொண்டுவரும் வரை அப்படித்தான். அதாவது எங்கள் தாத்தா பிறந்ததை, எங்கள் கொள்ளுத்தாத்தா செத்ததை எழுதியிருக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி ஒரு திண்ணை. அந்தத் திண்ணைக்கு எங்கள் ஆட்கள் எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய்ச் சொன்னாலும் "ஆண் குழந்தை 1, கூலி" என்று முடித்துவிடுவார்கள். குழந்தைக்குப் பெயர்கூட இருக்காது. எழுதாத வீட்டிலிருந்து ஒருவர் வந்து, ஏன் உங்கள் பெயர் எழுத்தில் இல்லை என்று மைக்கில் கேட்கிறார். இதை நான் எப்படித் தாங்கிக்கொள்வது?

இதை ஒரு நாள் கோபத்தில் பேசவில்லை. நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடலை ஆரம்பித்தது பெருமைக்காக இல்லை, குடியாத்தத்தில் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும் 3 சென்ட் வீட்டு மனைக்காக. வாரிசுச் சான்று வாங்கப் போனேன். அவருடைய இறப்புச் சான்று கொண்டு வா என்றார்கள். அவர் போனது 1958இல். இன்றைக்கு நாம் சான்று வாங்குகிற மத்தியச் சட்டம் 1969இல் வந்தது. பழைய புத்தகத்தில் தேடிப் பார்த்தால் அந்த வருடத்துக்கான புத்தகமே இல்லை. "செத்ததுக்கு என்னங்க ஆதாரம்?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. 67 வருடமாக அமாவாசைக்கு அமாவாசை அவருக்குச் சோறு படைக்கிறோம், அதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

கடைசியில் அவர் கிடைத்தது ஒரு கடன் பத்திரத்தில். கடன் கொடுத்தவரின் பேரன், நல்ல மனிதர், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். 1931ஆம் வருடம், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் கஞ்சிப் பசையால் வேறு தாள் ஒட்டியிருந்தது. வீட்டு மனையை அடமானம் வைத்து 40 ரூபாய். கீழே ஓரத்தில் நீலம் வெளுத்த ஒரு ரேகை, பக்கத்தில் வேறு யாரோ எழுதிய "இடது கைப் பெருவிரல்". ரேகையின் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அரிவாள் பட்ட வெட்டுத் தழும்பாக இருக்க வேண்டும். நான் என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடப் பெரிய விரல். அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதேன். கடன் பட்டதால் அவர் எழுத்தில் இருக்கிறார். கடன் வாங்காமல் மானமாக வாழ்ந்திருந்தால் அவரும் இருந்த இடம் தெரியாமல் போயிருப்பார்.

"எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கே, போய்த் தேட வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்பார். போனேன். இரண்டு தடவை. யாருடைய பெயர்கள் அங்கே இருக்கின்றன என்று போனவர்களுக்குத்தான் தெரியும். 1801இல் ஆற்காட்டு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சீமையை எடுத்துக்கொண்டதிலிருந்து எழுதித் தள்ளியிருக்கிறான். எல்லாம் வரிக் கணக்கு. நிலம் யார் பேரில், தீர்வை எவ்வளவு, இரண்டு போகமா, ஏரிப் பாசனமா. செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரில் பட்டாதாரர் பெயர் இருக்கும். அந்த நிலத்தில் அண்டை வெட்டியவன், நாற்று நட்டவள் பெயர் எதற்கு இருக்கப் போகிறது? மக்கள்தொகைக் கணக்கு 1871இலேயே எடுத்தார்கள். தலையை எண்ணினார்கள், சாதியை எண்ணினார்கள். எண்ணிக்கையை அச்சடித்துவிட்டு, பேர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. நிலம் இல்லாதவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் அப்பாவுக்கு மேலே காகிதம் கிடைத்த வீடு அபூர்வம்.

நம் மாவட்டம் வேறு பிய்ந்துகொண்டே இருந்தது. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். அதற்குப் பிறகுதான் வேலூர். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. ஒவ்வொரு தடவையும் கட்டுகள் வண்டி ஏறி இடம் மாறியிருக்கும். அதில் எது எங்கே கிடக்கிறது என்று தேடுவது வேலைக்குப் போகிற ஒருவனால் ஆகிற காரியமா?

சரி, உங்கள் 14 தலைமுறைக்கு வருகிறேன். மலரில் ராஜராஜன் படைத்தலைவன் வழி என்று இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு 30 வருடம் வைத்தாலும் 14க்கு 420 வருடம். பின்னால் போனால் வேலூர்க் கோட்டையில் நாயக்கர்கள் இருந்த காலம்தான் வரும். ராஜராஜனுக்கு இன்னும் 600 வருடம் மேலே ஏற வேண்டும். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் காகிதத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று சொல்ல வந்தேன். மேல்பாடியில் பொன்னை ஆற்றங்கரையில் ராஜராஜன் தன் தாத்தன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், எழுப்பினான். கல்லும் தச்சனும் கையில் இருந்தால் தாத்தன் பெயர் ஆயிரம் வருடம் நிற்கும். எங்கள் தாத்தனுக்கு மண்மேடுதான், நாலு மழையில் கரைந்துவிட்டது. அன்பு குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்னொன்று. 14 தலைமுறையில் ஒரு பெண் பெயர் இல்லை. ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை எண்ணினேன். கடைசிக் கிளையில் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, பக்கத்தில் என் அக்கா மகள் பெயர் இல்லை. எம்.எஸ்.சி. படித்த பெண். "நம்ம வேரோடு சேர்ந்துகொள்ளட்டும்" என்றீர்களே, எங்கே சேர்ப்பீர்கள்? அந்த மரத்தில் அவளுக்கு இலைகூட வரையவில்லை. 14 அப்பன்களைப் பெற்ற 14 அம்மாக்கள் எங்கே? பத்திரத்துக்கு மூலத்தைத் தாய்ப் பத்திரம் என்று சொல்கிற ஊர் இது. அந்தத் தாய்ப் பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள், தாய் பெயர் எத்தனையில் இருக்கிறது என்று.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. பழைய வட ஆற்காடுதான். மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் காலடியில் ஒரு நாய். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. முதல் தடவை படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நன்றி மறக்காமல் நாயின் பெயரையும் எழுதிய மண் இது. அதே மண்ணில் என் ஆயாவின் அம்மா பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1,400 வருடம் கழித்து நமக்கு ஒரு நாயின் பெயர் தெரிகிறது, எட்டு பிள்ளை பெற்று வளர்த்தவளின் பெயர் எழுத்தில் இல்லை.

"கல்யாண வீட்டுப் பேச்சைப் பொதுவில் கொண்டுவரலாமா" என்பவர்களுக்கு: லைவ் போட்டது நான் இல்லை.

"பொறாமை" என்பவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்லை.

"வாய்மொழியை எப்படி நம்புவது, ஆளுக்கு ஒன்று சொல்வார்களே" என்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, நண்பர் மூலமாக. அவர்கள் பூட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பல் ஏறியவர். 1860இலிருந்து 1911க்குள் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் நம் வட ஆற்காட்டுச் சனம் ஏராளம். அவர்கள் கையில் கப்பல் பட்டியலின் நகல் இருந்தது. பேர், அப்பா பேர், வயது, உயரம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. முழங்கால் தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன், ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! கிராமத்தின் பெயர் மட்டும் எழுத்து சிதைந்து எந்த ஊர் என்றே தெரியவில்லை. இரண்டு நாள் சுற்றினோம். மூன்றாவது நாள் ஓர் ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர், கேட்ட உடனே சொன்னார்: "எங்க பாட்டன் கூடப் பொறந்தவன் ஒருத்தன் கப்பலேறிப் போய்ட்டான்னு சொல்லுவாங்கப்பா. கால்ல மாடு முட்டின தழும்பு இருக்குமாம்." டர்பனிலிருந்து வந்த அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கப்பல் ஏறினான், அவன் தழும்பு ஆவணத்தில் இருக்கிறது. தம்பி ஊரிலேயே இருந்து ஏர் ஓட்டினான், அவன் பேர்கூட எங்கும் இல்லை. ஆனால் ஆவணம் தடுமாறிய இடத்தில் வழி காட்டியது தம்பி வீட்டு வாய்மொழிதான். அதனால்தான் சொல்கிறேன், வேர் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த வாய்மொழி ஆயாவிடம் இருக்கிறது. 84 வயது இருக்கும். சரியான தேதி யாருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க பீடி சுற்றியவள். அவள் பெயர் ஏறிய முதல் காகிதமே பீடித் தொழிலாளர் அட்டைதான். ஓர் அட்டையில் பெயரின் முடிவில் "அம்மா", இன்னொன்றில் "அம்மாள்", அதற்கே பென்ஷனை இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள். அவளைக் கேட்டால் ஆண்கள் வரிசையைச் சொல்ல மாட்டாள். "எங்கம்மா, எங்க ஆயா, அந்த ஆயாவோட அம்மா" என்று பெண் வழியாகவே ஏறுவாள். யார் எந்த ஊரில் பிறந்தாள், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள், எத்தனை பிள்ளை தங்கியது, எத்தனை போனது. "எங்க ஆயாவப் பெத்தவ தாது வருசத்துல கைக்கொழந்தைடா. குப்பம் பக்கம் இருந்து இடுப்புல தூக்கிகினு நடந்தே வந்தாங்களாம். வழியில ரெண்டு பேரு செத்துட்டாங்க, ஒருத்தி பேரு எனக்குத் தெரியும், இன்னொருத்தி பேரு தெரியல."

தாது வருடம் என்றால் 1876. சென்னை மாகாணமே பட்டினியில் செத்த பஞ்சம். பள்ளிக்கூடம் போகாதவள் வருடத்தைச் சரியாகச் சொல்கிறாள். நான் கண்டுபிடித்த காகிதத்தைவிட 55 வருடம் பின்னால் போகிறாள். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 7 பெண்கள் பெயர் வந்திருக்கிறது, வழியில் செத்தவளையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை ஆயா மண்டபத்தில் முன்வரிசையில்தான் இருந்தாள், பேத்தி மகள் கல்யாணம் பார்க்க. காது மந்தம். எல்லோரும் கை தட்டியபோது அவளும் சேர்ந்து தட்டினாள். வீட்டுக்கு வந்து, "இன்னாடா சொன்னாரு அவரு, எல்லாரும் தட்டினாங்க?" என்று கேட்டாள். "உன் பேத்தி நல்லா இருக்கணும்னு சொன்னாரு ஆயா" என்றேன்.

பெரியவரே, உங்கள் மலரைத் திருத்தச் சொல்லவில்லை. மரத்தை அழிக்கச் சொல்லவில்லை. மைக்கில் சொன்னதை மைக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் உங்கள் பேரனுக்குக் காதுகுத்து, அதே மண்டபம்தான் என்று பத்திரிகை வந்திருக்கிறது. ஆயாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன்.