கோன் இருக்கையில கிரண்டி எதுக்கு?

ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இன்னிக்கும் அதே சண்டை. வருஷக்கணக்கா ஓடுது, இன்னும் ஆறல. மெல்பர்ன் டீமன்ஸ்ங்கிற ஆஸ்திரேலியன் ஃபுட்பால் (ஃபுட்டி) டீம், 2023 ஃபைனல்ஸ்ல மேக்ஸ் கோன் இருக்காருன்னு பிராடி கிரண்டியை எடுக்காம விட்டது சரியா தப்பா. எதிர்ல உக்கார்றவர் அறுபதை நெருங்குற மனுஷன், அப்பா தாத்தா காலத்துல இருந்து டீமன்ஸ் குடும்பம். "கோன், கிரண்டின்னு ரெண்டு ரக்கையும் ஆட விட்டிருந்தா அந்த வருஷம் கப் நமக்குத்தான்"னு சொல்லிட்டு சாண்ட்விச்சைக் கீழ வெச்சுட்டாரு. சாப்பாட்டைக் கீழ வெச்சா மனுஷன் சீரியஸ் ஆயிட்டார்னு அர்த்தம். நான் மெல்பர்ன் புறநகர் கிரான்பர்ன் பக்கம் குடிவந்து ஒன்பது வருஷம்தான் ஆகுது, டீமன்ஸ் பிராக்டிஸ் பண்ற கேஸி ஃபீல்ட்ஸ் வீட்டுக்குப் பக்கத்துல இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக இந்த டீமைப் புடிச்சவன். அதுக்காக இந்த விஷயத்துல விட்டுக் குடுக்க முடியாது. அரை மணி நேர பிரேக்ல சொல்லி முடிக்க முடியாததை இங்க கொட்டிடறேன்.

ஃபுட்டி பாக்காதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஒரு பக்கம் 18 பேர். ஒவ்வொரு கோலுக்கு அப்புறமும் நடு வட்டத்துல அம்பயர் பந்தை மேல அனுப்புவார், ரெண்டு டீம்ல இருந்தும் ஒரு நெட்டை ஆளு எகிறி அதைத் தன் ஆளுங்க பக்கம் தட்டி விடணும். கும்பலா விழுந்து பந்து அடியில மாட்டிக்கிச்சுன்னா அங்கயும் இதே கதை, பவுண்டரி அம்பயர் பந்தைத் தலைக்குப் பின்னால உள்ள வீசும்போதும் இதே கதை. இந்த நெட்டை ஆளுதான் ரக். தட்டுறதுக்குப் பேரு ஹிட்-அவுட். நம்ம ஊர் கணக்குல சொல்லணும்னா விக்கெட் கீப்பர் மாதிரி ஒரு இடம், ஒருத்தன் கட்டாயம் வேணும், ரெண்டாவது ஆளை எடுத்தா "அவன் பேட்டிங் எப்படி"ங்கிற கேள்வி உடனே வந்துடும்.

என் மொத்த வாதமும் அந்தக் கேள்விதான். ரெண்டாவது ரக் எவ்வளவு நல்லா தட்டுவான்னு எனக்குத் தெரிய வேணாம். தட்டாத நேரத்துல அவன் என்ன பண்ணுவான், அதைச் சொல்லுங்க.

2021ஐ எடுத்துக்குங்க. மேக்ஸ் கோன் கேப்டன் (கோன்னா தமிழ்ல அரசன், பேரு தானா அமைஞ்சுருக்கு பாருங்க). ரெண்டாவது ரக் லூக் ஜாக்சன், சின்னப் பையன், பாஸ்கெட்பால்ல இருந்து வந்தவன். ஜாக்சன் வட்டத்துக்குள்ள போனா கோன் மூச்சு வாங்கிக்கலாம். அது மட்டும் இல்ல, பந்து கீழ விழுந்ததும் ஜாக்சன் மிட்ஃபீல்டர் மாதிரி குனிஞ்சு அள்ளிட்டு ஓடுவான், முன்னால போய் நின்னா மார்க் புடிப்பான் (உதைச்சு வர்ற பந்தைக் கீழ விழாம கையால புடிக்கிறதுதான் மார்க்). அதனால எதிர் டீம் அவனைக் கவனிக்காம விடவே முடியாது. கோனும் சும்மா இருக்கல, ஜீலாங்கோட நடந்த பிரிலிமினரி ஃபைனல்ல (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின மேட்ச்) ரக்கா இருந்துகிட்டே அஞ்சு கோல் அடிச்சாரு. அப்புறம் பெர்த்ல கிராண்ட் ஃபைனல், மூணாவது குவார்ட்டர்ல 19 பாயின்ட் பின்னால இருந்த டீம் 74 பாயின்ட்ல ஜெயிச்சுது. 1964க்கு அப்புறம் முதல் கப். என் நண்பர் அன்னிக்கு லாக்டவுன்ல வீட்டுக்குள்ளயே அழுதாராம், 57 வருஷக் காத்திருப்பு, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

2022 சீசன் முடிஞ்சதும் ஜாக்சன் சொந்த ஊர்ப் பக்கம் ஃப்ரீமேன்டிலுக்குப் போயிட்டான். அந்த இடத்துக்குத்தான் காலிங்வுட்ல இருந்து கிரண்டி வந்தாரு. லேசுப்பட்ட ஆளு இல்ல. 2018லயும் 2019லயும் ஆல்-ஆஸ்திரேலியன் டீம்ல (அந்தந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க லிஸ்ட்) கோனும் கிரண்டியும் சேர்ந்தே இருந்தாங்க. 2020ல காலிங்வுட் ஏழு வருஷக் கான்ட்ராக்ட் குடுத்துச்சு, மூணு வருஷத்துலயே சம்பள பாரம் தாங்கல, வேற கிளப்புக்கு அனுப்பிட்டு அந்தச் சம்பளத்துல ஒரு பங்கைத் தானே கட்ட ஒத்துக்கிச்சு. நாட்டுலயே பெரிய ரெண்டு ரக்கும் ஒரே டீம்ல, அதுவும் குறைஞ்ச விலைக்குன்னா யாருக்குத்தான் ஆசை வராது. பேப்பர்ல எழுதிப் பாத்தா அழகா இருக்கும், காலண்டர்ல ரெண்டு தீபாவளி வந்த மாதிரி.

மைதானத்துல என்ன ஆச்சு? ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே இடம். கிரண்டி பந்து பக்கத்துல சுத்திகிட்டே இருந்தாத்தான் ஆட்டம் காட்டுவாரு, தட்டிட்டு அடுத்த செகண்டே தானே பந்துக்குப் பாய்வாரு, நாள் பூரா ஓடுவாரு. அவரை முன்னால கோல் பக்கம் நிக்க வெச்சா, மாட்டைக் கொண்டுபோய் மாடியில கட்டின மாதிரி. கோன் முன்னால போனா பரவாயில்ல, ஆனா அந்த நேரத்துல டீமோட மிகச் சிறந்த ரக் ரக்ல இல்ல, இது என்ன கணக்கு? இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, இன்டர்சேஞ்ச். அப்ப பெஞ்ச்ல நாலு பேர், ஒரு சப் (மாற்று ஆளு), ஒரு மேட்ச்சுக்கு 75 தடவைதான் ஆள் மாத்தலாம். ஒரு ரக் பெஞ்ச்ல உக்காந்திருந்தா ஓடி ஓடிக் களைச்சுப் போன மிட்ஃபீல்டர் வந்து உக்கார அங்க இடம் இல்ல. டிவில இது தெரியாது. கடைசிக் குவார்ட்டர்ல பத்து நிமிஷம் இருக்கும்போது யார் கால் நகரலன்னு பாத்தாத் தெரியும்.

நியாயமா ஒண்ணை ஒத்துக்கணும். 2023 ரெண்டாவது ரவுண்ட்லயே கோனுக்கு முட்டியில அடி, சில வாரம் ஆடல. அப்ப கிரண்டி மட்டும் இல்லன்னா டீம் நடுங்கியிருக்கும். தனி ரக்கா அருமையா ஆடினாரு. ஆனா நான் சொல்றதுக்கு அதுதானே சாட்சி? தனியா விட்டா பிரமாதம், சேத்து வெச்சா ரெண்டு பேரும் பாதி.

சீசன் பாதிக்கு மேல போனதும் கோச் சைமன் குட்வின் அவரை ரெண்டாவது டீமுக்கு அனுப்பிட்டாரு, ஃபார்வர்ட் ஆடக் கத்துக்கிட்டு வான்னு. அப்ப ஒரு சனிக்கிழமை கேஸி ஃபீல்ட்ஸ்க்குப் போயிருந்தேன். அங்க காத்து அடிச்சா அடிச்சதுதான், வேலியே ஆடும். புல்மேட்டுல ஃபோல்டிங் சேர் போட்டு சில நூறு பேர், நாய் கூட்டிட்டு வந்தவங்க, குளிர்ல ஃபிளாஸ்க்ல டீ. நடுவுல ரெண்டு தடவை ஆல்-ஆஸ்திரேலியன் ஆன ஆளு, கோல் பக்கம் நின்னுகிட்டு கையைத் தூக்கி பந்தைக் கேக்கறாரு, காத்துல அது எங்கயோ போகுது. முகத்துல ஒரு சலிப்பும் இல்ல, அடுத்த பந்துக்கு ஓடினாரு. எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. 29 வயசுல ஒருத்தரைப் புதுசா வேற தொழில் கத்துக்கச் சொல்றாங்க, அவரைக் கூட்டிட்டு வரும்போது இது யாருக்கும் தோணலையா?

அப்புறம் அந்த ஃபைனல்ஸ். காலிங்வுட்டோட முதல் மேட்ச், நம்ம ஆளுங்க கிட்டத்தட்ட 70 தடவை பந்தை கோல் பக்கம் கொண்டு போனாங்க, அவங்க 40 கூட இல்ல. ஸ்கோர் 60-53, தோல்வி. அடுத்த வாரம் கார்ல்டன், 9 கோல் 17 பிஹைண்ட், 71 பாயின்ட். அவங்க 11 கோல் 7 பிஹைண்ட், 73. கடைசி நிமிஷத்துல பிளேக் ஏக்கர்ஸ் அடிச்ச கோல். ரெண்டு பாயின்ட்ல போச்சு. (கோலுக்கு ஆறு பாயின்ட். பிஹைண்ட்னா கோல் தவறிப் பக்கத்துல போனா கிடைக்கிற ஆறுதல் ஒத்தப் பாயின்ட். 17 ஆறுதல்!)

நண்பர் சொல்றது இங்கதான் வருது. முன்னால ஆளே இல்ல, மெல்க்ஷம் முட்டி போச்சு, பெட்டி கால் போச்சு, வேன் ரோயனுக்கு ஒரு மேட்ச் தடை. அப்ப கிரண்டியை ரக்ல போட்டுட்டு கோனை முன்னால அனுப்பியிருக்கலாம்ல, 2021ல அஞ்சு கோல் அடிச்ச ஆளுதானேன்னு. கேக்க நல்லா இருக்கு, அந்த ராத்திரி எனக்கும் அதே தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா 17 பிஹைண்ட் அடிச்ச டீமுக்கு பந்து முன்னால போகாதது பிரச்சனை இல்ல. போன பந்தை நேரா அடிக்க ஆள் இல்லாததுதான் பிரச்சனை. அதோட அந்த செட்டப்பையே கைவிட்டிருந்த டீமை, தோத்தா வீட்டுக்குன்னு இருக்கிற ஒரு ராத்திரியில மாத்தி ஆடச் சொல்றது சூதாட்டம். அந்த செப்டம்பர்ல கிரண்டியை எடுக்காதது தப்பு இல்லங்க. அதுக்கு முந்தின அக்டோபர்ல கிளப்புக்குக் கூட்டிட்டு வந்ததுதான் தப்பு. ஒரு வருஷ சம்பளமும் லிஸ்ட்ல ஒரு இடமும் அதுல போச்சு, அதுக்கு ஒரு உருப்படியான உயர ஃபார்வர்டைத் தேடியிருந்தா இந்த லஞ்ச் சண்டையே இருந்திருக்காது.

"காலிங்வுட் மட்டும் அந்த வருஷம் டார்சி கேமரன், மேசன் காக்ஸ்னு ரெண்டு நெட்டையோட கப் ஜெயிக்கலையா"ம்பாரு. ஜெயிச்சாங்க, நாலு பாயின்ட்ல. ஆனா காக்ஸ் யாரு? 211 செ.மீ. அமெரிக்கர், காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடிட்டு வந்து வருஷக்கணக்கா ஃபார்வர்டா நின்னவரு, 2018 பிரிலிமினரி ஃபைனல்ல ரிச்மண்டைக் கிழிச்சதே அவர் முன்னால புடிச்ச மார்க்குங்கதான். நான் சொல்ற ரெண்டாவது ரக்குக்கு அவரை விட நல்ல உதாரணம் என்கிட்டயே இல்ல.

ரக் பெரிசா இருந்தா கப் வரும்னு நம்பறவங்க கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. 2017ல ரிச்மண்ட் நேன்கர்விஸை மட்டும் ரக்கா வெச்சுகிட்டு, அவர் இளைப்பாறும்போது ஷான் கிரிக்னு ஒரு மிட்ஃபீல்டரை அனுப்பினாங்க, ஜெயிச்சாங்க. 2018ல வெஸ்ட் கோஸ்ட்டோட பெரிய ரக் நிக் நைட்டநூயி முட்டி போய் வெளிய, லைசெட்டும் வார்டியும் வெச்சு வெஸ்ட் கோஸ்ட் அஞ்சு பாயின்ட்ல ஜெயிச்சுது, எதிர்ல இருந்தது உச்சத்துல இருந்த கிரண்டி. 2022ல கப் ஜெயிச்ச ஜீலாங்ல ரக் ஸ்டேன்லிக்குக் கை குடுத்தது பிளிக்காவ்ஸ், அவர் முதல்ல ஸ்டீபிள்சேஸ் ஓடிட்டிருந்தவரு. இதையெல்லாம் விட 2024. பிரிஸ்பேனோட முதல் ரக் மெக்கினர்னிக்கு பிரிலிமினரி ஃபைனல்ல தோள்பட்டை இறங்கிடுச்சு, கிராண்ட் ஃபைனலுக்கு அவசரமா உள்ள வந்தது டார்சி ஃபோர்ட், ரெகுலரா டீம்ல இடமே இல்லாதவரு. எதிர்ல சிட்னிக்கு யாரு தெரியுமா, மெல்பர்ன்ல இருந்து கிளம்பிப் போன நம்ம கிரண்டியேதான். 60 பாயின்ட்ல பிரிஸ்பேன். பாவம் அந்த மனுஷன், 2018ல காலிங்வுட்டுக்கு ஆடித் தோத்தாரு, அவர் போன மறுவருஷமே காலிங்வுட் ஜெயிச்சுது, இங்க வந்தாரு ஃபைனல்ஸ்ல வெளிய, அங்க போனாரு மறுபடி தோல்வி.

இவ்வளவு அடிச்சுப் பேசிட்டு ஒரு இடத்துல எனக்கே கால் வழுக்குது, அதையும் சொல்லிடறேன். 2026ல ரூல் மாறிடுச்சு. சப் கிடையாது, பெஞ்ச்ல அஞ்சு பேர். அப்ப ரெண்டாவது ரக்குக்கு உக்கார இடம் கிடைச்சுடுச்சு, என் இன்டர்சேஞ்ச் வாதம் பாதி காலி. நடு வட்டத்துல பந்தைத் தரையில குத்தி எகிற விடறதும் போச்சு, இனி அம்பயர் நேரா தூக்கிப் போடுவார், ரக் ரெண்டு பேரும் நடுக்கோட்டைத் தாண்டி முட்டி மோதக் கூடாது. கோன் மாதிரி உடம்பை வெச்சு ஆளை நகத்தறவங்களை விட, ஜாக்சன் மாதிரி ஓடி வந்து எகிறுறவனுக்குத்தான் இது லாபம். கோனுக்கு 34 வயசு. பழைய ஆளு உடம்பு மேட்ச் பூரா தாங்குமா, இல்ல ஒரு எகிறுற பையனை நடு வட்டத்துக்குன்னே வெச்சுக்கணுமான்னு கேட்டா என்கிட்ட உடனடி பதில் இல்ல.

இதுல பெரிய வேடிக்கை, குட்வின் போன இடத்துக்கு வந்திருக்கிற புது கோச் ஸ்டீவன் கிங், ஜீலாங்கோட பழைய ரக், பழைய கேப்டன். 2007ல சீசன்ல பெரும்பாலும் ஆடினது இளம் ரக் மார்க் பிளேக். கிராண்ட் ஃபைனல் வந்ததும் பிளேக் வெளிய, கிங் உள்ள. ஜீலாங் 119 பாயின்ட்ல ஜெயிச்சுது, கிங் கழுத்துல மெடல். ரக் செலக்‌ஷன்ல வெளிய போறவனுக்கும் உள்ள வர்றவனுக்கும் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னதும் நண்பர் சாண்ட்விச்சை மறுபடி கையில எடுத்தாரு. "அப்ப கிங் ரெண்டு ரக்கை எடுத்தா நீ என்ன சொல்லுவே?"ன்னாரு. ரெண்டாவது ஆளு யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்னேன். மணி ஒண்ணே கால், மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க.