அங்கே பஸ் போகாதா மக்களே?

போன ஞாயிற்றுக்கிழமை, கேரள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையில் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தையின் பேத்தி கொரியன் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். வடகொரியா என்று ஏதோ பேச்சு வந்ததும் அத்தை என்னிடம் விவரம் கேட்டார். ஒரே பாஷை பேசுகிற ஒரே ஜனம்தான் அத்தை, நடுவில் கோடு போட்டுவிட்டார்கள், இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அத்தை கேட்டார்: "அப்போ அங்க ஒரு பஸ்ஸும் போகாதா மக்களே?"

அன்றிலிருந்து இந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில் பளுகல் பக்கம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் கேட்டோம், அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு சும்மா விழவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனாலும் எல்லையில் இருக்கிற களியக்காவிளை வழியாக பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஓணத்துக்கு நாங்கள் அங்கே போவோம், பொங்கலுக்கு அவர்கள் இங்கே வருவார்கள்.

அந்தக் கோடு எங்களுக்கு வலித்தது ஒரே ஒரு முறை. 2020 ஊரடங்கில் அப்பா இறந்தார். அத்தை இருந்தது ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில். பாஸ் கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்று இன்றும் சொல்லி அழுவார். நோய்க்காகப் போட்ட தடை, சில மாதத்தில் நீங்கியும் விட்டது. அதற்கே இப்படி.

கொரியாவில் அந்தத் தடை 70 வருடத்துக்கும் மேலாக நீங்கவில்லை. 1945 ஆகஸ்டில், அதுவரை கொரியாவை ஆண்ட ஜப்பான் தோற்கும் நேரத்தில், இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில், வடக்கே சோவியத் படைக்கும் தெற்கே அமெரிக்கப் படைக்கும் 38ஆவது அட்சரேகைதான் எல்லை என்று குறித்தார்கள். அங்கே வாழ்ந்த ஒருவரையும் கேட்கவில்லை. 1950 ஜூன் 25 அன்று வடக்கு படையெடுத்தது. அதை மழுப்ப நான் வரவில்லை, முதலில் பாய்ந்தது வடக்குதான். ஆனால் கோடு போட்ட கைகளுக்கும் பழியில் பங்கு இருக்கிறது. ஒன்பதே மாதத்தில் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் போன படைக்குச் சோறு போட்டவன் யார் என்று வந்த படை தேடியிருக்கிறது.

எனக்குப் பொறுக்கவே முடியாத இடம் அதற்கு அப்புறம் வருகிறது. 1951 ஜூலையில் சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டது. போர்முனையும் பெரிதாக நகரவில்லை. பிறகும் இரண்டு வருடம் ஆட்களைச் சாகவிட்டார்கள். பெரிய தகராறே, பிடிபட்ட கைதிகளில் ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்பவர்களையும் கட்டாயமாக அனுப்புவதா என்பதுதான். மொத்தத்தில் 20 லட்சத்துக்கும் மேல் செத்து, கடைசியில் நின்ற இடம் பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே.

அந்தப் போரில் நம் நாடு துப்பாக்கி தூக்கவில்லை, மருந்துப் பெட்டி தூக்கியது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு போனது. வடக்குக்குத் துணையாகச் சீனப் படை புகுந்து, தெற்கின் பக்கம் நின்ற எல்லோரும் பின்வாங்கி ஓடிய நேரத்தில், வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, மருத்துவச் சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்ற கைதிகளைக் காவல் காத்ததும் நம் வீரர்கள்தான், ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்த ஆணையத்தின் கீழ். அந்தக் கைதிகளில் 88 பேர் இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம் என்று சொல்லி 1954இல் கப்பலேறி நம் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கத்துக்கு எதிரி என்றால் மனுஷன் வேறு என்ன செய்வான்?

1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. அதனால் கொரியப் போர் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோட்டின் இருபுறமும் சேர்த்து 4 கிலோமீட்டர் அகலத்தில் ஆளில்லாத நிலம். அதைத் தாண்டி ஒரு சாதாரண குடும்பத்தின் கடிதம் போகாது, போனும் போகாது. 2000 முதல் 2018 வரை 21 முறை, குலுக்கல் போட்டு, பிரிந்த குடும்பங்களில் சிலரைச் சந்திக்க விட்டார்கள். மூன்று நாள், அதிலும் கையில் கிடைப்பது சில மணி நேரம். பிறகு பஸ் ஜன்னல் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை வைத்துக்கொண்டு அழுவார்கள். அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஆயுதம், கொடி, ஒப்பந்தம் எல்லாம் பெரியவர்கள் மெதுவாகப் பேசட்டும். முதலில் தபாலைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. எங்கள் எல்லைக்கோட்டை எங்களைத் தாங்க வைத்தது களியக்காவிளை பஸ்தான், வேறு எதுவும் இல்லை.

தெற்கில் மட்டும் உறவுகளைத் தேடிப் பதிந்தவர்கள் 1,30,000 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலோர் 80ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அத்தைக்கு இப்போது 81.