ரீச்சருக்குப் பக்கத்துக் கதிரை

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்குள் ஆறு பேர் எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "அக்கா, எங்கட ஒபிசில விண்டோஸ் 11 ஏறாத பழைய லப்டொப் எல்லாம் கழிக்கிறாங்கள். இருபது வரைக்கும் எடுக்கலாம். அடுத்த ஓகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்க விருப்பம். திருகோணமலையில ஒரு பள்ளிக்கூடம் சொல்லுங்கோ."

ஆறு பேருக்கும் நல்ல மனது. இரண்டு பேர் லண்டனிலேயே பிறந்தவர்கள், ஊரைப் பார்த்ததே இரண்டு மூன்று தரம்தான். அந்த ஆசையைக் கண்டு எனக்குச் சந்தோசம். தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது ஆளுக்கு எழுதும்போதே, இதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. ஏனென்றால் 2014இல் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த வருடம் ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே முடிவு வந்தது. நான் வேலை செய்த இடத்தில் பழைய லப்டொப்களைக் கழித்தார்கள். நல்லதாகப் பார்த்துப் பன்னிரண்டு எடுத்தேன். நான் திருகோணமலை மனையாவெளியில் பிறந்தவள். 1990இல், ஒன்பது வயதில், எங்கள் குடும்பம் திருமலையை விட்டுப் போனது. இருபத்துநாலு வருடம் கழித்து ஊருக்கு ஏதாவது செய்யப் போகிறேன் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது. மூதூருக்கு அப்பால் ஒரு கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையைத் தெரிந்தவர்கள் காட்டினார்கள். சின்ன வயதில் மூதூருக்குப் போவதென்றால் திருமலை இறங்குதுறையில் லாஞ்ச் ஏற வேண்டும். இப்போது 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். பன்னிரண்டு லப்டொப்பையும் வானில் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஓகஸ்ட் மாதம். எங்களுக்கு இங்கே லண்டனில் விடுமுறை. ஆனால் அங்கேயும் இரண்டாம் தவணை முடிந்து பாடசாலை பூட்டியிருக்கும் மாதம் அது. இதை நான் யோசிக்கவேயில்லை. அதிபர் மறுக்காமல், பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பி, நாற்பது பேரை வெள்ளைச் சீருடையோடு வரவைத்தார். விடுமுறையில், அந்த வெயிலில், சில பிள்ளைகள் மூன்று கிலோமீற்றர் நடந்து வந்தார்கள். நான் ஆங்கிலத்தில் செய்து வைத்திருந்த பவர்பொயின்ற் படங்களைக் காட்டினேன். பெயின்றில் படம் வரையவும் எழுத்துக்கு நிறம் மாற்றவும் சொல்லிக் கொடுத்தேன். பத்து நாள். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு நின்றார்கள், நானும் நின்றேன், போட்டோ எடுத்தோம். பேஸ்புக்கில் போட்டேன். எவ்வளவோ லைக்.

2018 மே மாதம் திரும்பிப் போனேன். இந்த முறை தவணைக் காலம். லப்டொப்கள் இரும்பு அலுமாரிக்குள் அடுக்கியபடி இருந்தன. நாலைந்தின் பற்றரி ஊதி, கீபோட்டையே மேலே தள்ளியிருந்தது. மற்றவற்றைப் போட்டால் கடவுச்சொல் கேட்டது. பிள்ளைகள் குழப்பிவிடக் கூடாது என்று நான் போட்ட கடவுச்சொல். அதை அதிபருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவர் அடுத்த ஜனவரியே வேறு பாடசாலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தப் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ரீச்சரை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். நான்கு வருடத்துக்கு முதலும் அவர் அங்கேதான் இருந்தார். விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும், "இங்கே இந்தப் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேட்கவில்லை. அவர் கோபப்படாமல் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நீங்க வந்து போனத நான் பேஸ்புக் படத்திலதான் பாத்தன்."

அந்த ஒரு வசனத்தால்தான் இந்தப் பதிவு. பன்னிரண்டு லப்டொப் வீணாய்ப் போனதைவிட அது என்னை உலுக்கியது. ஒரு மனுசி வருடம் முழுக்க நிற்கும் இடத்தில், அவருக்கே தெரியாமல், பத்து நாள் நான் நின்றிருக்கிறேன்.

அடுத்த கிழமை முழுவதும் அவருடைய வகுப்புகளில் பின்வாங்கில் இருந்தேன். ஒன்றும் படிப்பிக்கவில்லை, பார்த்தேன். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். பிள்ளைகள் வகுப்பிலிருந்து வரிசையாக வந்து, சப்பாத்தைக் கழற்றி வெளியே அடுக்கி, இருந்து, கணினி எல்லாம் எழும்பி முடியப் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். பிள்ளைகள் முப்பத்துநாலு பேர். வேலை செய்யும் கணினி ஒன்பது. ஒன்றுக்கு நாலு பேர். மவுஸ் எப்போதும் துணிந்த பிள்ளையின் கையில்தான். மற்ற மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மே மாதத் தென்மேற்குக் கச்சான் காற்றில் யன்னலைப் பூட்டினால் அவியும், திறந்தால் மண் வரும். இதற்குள்தான் அந்த ரீச்சர் ஒன்பதாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் பதினோராம் தரத்துக்கும் பாடத்திட்டத்தை முடிக்கிறார். அவர் வணிகக் கல்வி படித்தவர். ஆள் இல்லாததால் இந்தப் பாடம் அவர் கைக்கு வந்தது. இரவில் புத்தகத்தை வாசித்து, காலையில் படிப்பித்துத் தானாகப் பழகியவர்.

பாடத்திட்டம் என்றதும் இன்னொன்று. நான் முதல்முறை போனபோது எனக்குப் பிடித்ததைப் படிப்பித்தேன். இப்போது தகவல் அனுப்பும் தம்பிமாரும் பைதன் படிப்பிக்கலாமா, ரோபோ செய்யலாமா என்று கேட்கிறார்கள். இரண்டும் கணினிக்கு நிரல் எழுதும் மொழிகள்தான், ஆனால் சாதாரண தரப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பது பைதன் இல்லை, பஸ்கால். பைதன் உயர்தரத்தில்தான் வரும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விசயம் இல்லை. சொற்களும் அப்படித்தான். விண்டோஸ் போன்ற ஒப்பரேற்றிங் சிஸ்ரத்தை, நான் தமிழில் படிப்பிப்பதாக நினைத்து இயங்குதளம், இயங்குதளம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதைப் பணிசெயல் முறைமை என்று படித்திருந்தார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாப் பாடப்புத்தகமும் தமிழில் இலவசமாகக் கிடக்கிறது. ரிக்கெற் போட முதல் அதைத் தரவிறக்கி ஒருமுறை வாசியுங்கள்.

சரி, ரீச்சருக்கு என்னால் என்ன கொடுக்க முடிந்தது? என்ன வேண்டும் என்று அவரையே கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். தமிழ்த் தட்டச்சில் ஒரு பிரச்சினை, பஸ்காலில் மடக்குகள் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் லூப்) வரும் இடத்தில் தனக்கே கொஞ்சம் தயக்கம், கரண்ட் போனால் அந்தப் பாடவேளை அப்படியே போய்விடுகிறது. இந்த மூன்றும்தான்.

தட்டச்சுப் பிரச்சினை இதுதான். பிள்ளைகள் பாமினி எழுத்துருவில் அழகாக அடித்த கட்டுரையை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினால், அங்கே திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாக வருகிறது. இலங்கையில் எத்தனையோ அலுவலகங்களில் இன்றைக்கும் இது நடக்கிறது. பாமினியில் அடிக்கும்போது கணினி தனக்குள் வைத்திருப்பது ஆங்கில எழுத்தைத்தான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை கழன்றுவிடும். யூனிகோடு என்ற பொதுக் குறிமுறையில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கென்றே எண்கள் இருக்கின்றன. உலகத்தில் எங்கே திறந்தாலும் அது தமிழ்தான். பாமினி விசைப்பழக்கத்தை விடாமலே யூனிகோடில் அடிக்க என்.எச்.எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. இருவருமாக ஒரு பின்னேரம் இருந்து ஒன்பது கணினியிலும் ஏற்றினோம். அன்றைக்கு ரீச்சர் தன் பெயரைத் தமிழில் அடித்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். என் போனில் அது தமிழாகவே வந்ததைக் காட்டினேன். அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு, நியூசிலாந்தின் கன்ரபெரி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கணினியில்லாக் கணினிப் பாடங்களைக் காட்டினேன். ஐந்து பிள்ளைகள் ஐந்து அட்டை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்: 16, 8, 4, 2, 1. ஒரு பிள்ளை தன் பிறந்த திகதியைச் சொல்லும். 19 என்றால் 16உம் 2உம் 1உம் அட்டையைத் திருப்பிக் காட்டும், மற்ற இரண்டும் மூடியிருக்கும். 1 0 0 1 1. மாதத்தின் எந்தத் திகதியையும் இந்த ஐந்து அட்டையில் சொல்லிவிடலாம். துவித எண்களைப் புத்தகத்தில் ஒரு மாதமாக விளங்காத பெடியன் மாமரத்துக்குக் கீழே அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டான். ரீச்சர் அதோடு நிற்கவில்லை. கிளித்தட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் கோடு கீறி, பிள்ளைகளையே எண்களாக நடக்கவிட்டு, வரிசைப்படுத்துவது எப்படி என்று காட்டினார். அது அவருடைய யோசனை, எனக்கு வந்திருக்காது.

மவுஸ் விசயமும் அப்படித்தான். என் வேலையில் இரண்டு பேர் ஒரு கணினியில் இருந்து நிரல் எழுதும் பழக்கம் உண்டு. ஒருவர் தட்டுவார், மற்றவர் யோசித்துச் சொல்வார். இதைச் சொன்னேன். ரீச்சர் அதைத் தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றினார். மவுஸ் பிடித்திருக்கும் பிள்ளை தானாக எதுவும் செய்யக் கூடாது, மற்ற மூன்று பேரும் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ரீச்சர் அடிமட்டத்தால் மேசையில் தட்டினால் கை மாற வேண்டும். இரண்டாம் நாளே, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை, "இல்ல, அது பிழை, முதல்ல சேமி" என்று சத்தமாகச் சொன்னது.

அந்த ரீச்சருக்கு அப்போது 33 வயது. அறுபதில் ஓய்வு என்றால் இன்னும் 27 வருடம். அவர் கையால் எத்தனை பிள்ளைகள் போகும்? பத்து நாளில் நான் தொட்டது நாற்பது பிள்ளைகள். அதுவும் பெயின்றில் வீடு வரைந்த பிள்ளைகள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வராதீர்கள், ரீச்சருக்குப் பக்கத்தில் வந்து இருங்கள். உங்களுடைய இரண்டு கிழமை அவருக்கு உரியது.

கணினியை மட்டும் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் பரீட்சித்தும் பார்த்துவிட்டார்கள். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லப்டொப் என்று கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளில் செய்த ஆய்வை இடை-அமெரிக்க அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. அதை வாசித்தபோது என் இரும்பு அலுமாரிதான் கண்ணுக்கு முன் வந்தது.

"அப்போ வரவே வேண்டாமா, காசை அனுப்பிவிட்டால் சரியா?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை, வாருங்கள். ரீச்சர் என்னிடம் சொன்னது இது: தன் வகுப்பில் வந்து இருந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு படிவம் நிரப்பத்தான் வந்தார்கள். நிரப்பப் படிவம் இல்லாமல், பாடத்தைப் பற்றிக் கதைக்க ஒருவர் வந்திருந்தது அதுதான் முதல்தரம். அந்தத் தனிமையைக் காசு தீர்க்காது.

ஆனால் ஓகஸ்டில் வராதீர்கள். வேலையிடத்தில் கேட்டு, மே, ஜூன், ஜூலையில் லீவு எடுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை நோன்பை ஒட்டி வரும், அதையும் விசாரியுங்கள். வர முதல் ஆறு மாதமாவது அந்த ஆசிரியரோடு வட்ஸ்அப்பில் கதையுங்கள், போன பிறகும் விடாதீர்கள். நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கிற தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் விமானம் ஏறிய பிறகும் அவர்கள் மாதத்தில் ஒருநாள் போய் வந்தார்கள். இன்னொன்று, பக்கத்துச் சந்தியில் போன் திருத்தும் பெடியனைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கத்து உப்புக்காற்றில் ராம் (RAM) என்ற நினைவகத் தகட்டின் முனைகள் மங்கிக் கணினி எழும்பாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த மூன்று கணினியை அவன் ஒரு அழிறப்பரால் தேய்த்தே எழுப்பினான். அவன் அந்தப் பாடசாலையின் பழைய மாணவன்தான். அதுவரைக்கும் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். பெற்றோல் இல்லாமல் ஆசிரியர்கள் வர முடியாமல் பாடசாலை நாட்களே குறைந்தன. எத்தனையோ கணினிக் கூடங்கள் பூட்டிக் கிடந்தன. அந்த வருடம் ரீச்சர் எனக்கு அனுப்பிய படத்தில் மாமரமும் ஐந்து பிள்ளைகளும் ஐந்து அட்டைகளும். பழைய அட்டை கிழிந்து, புதிதாகச் சீமெந்துப் பையில் வெட்டியிருந்தார்.

லப்டொப் வைத்திருக்கிறவர்களுக்கு: விண்டோஸ் 11 ஏறாத கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் ஏற்றலாம், வேட், எக்செல் போன்றவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் ஏற்றலாம், இரண்டும் இலவசம், இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் ஏற்றுகிற வேலையை லண்டனில் முடித்துக்கொண்டு வராதீர்கள். ரீச்சரோடும் அந்தப் பெடியனோடும் இருந்து அங்கேயே ஏற்றுங்கள். கடவுச்சொல்லை ரீச்சர் போடட்டும்.

நேற்று ரீச்சரிடம், ஆறு பேர் வரக் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்று கேட்டேன். இரவு குரல் பதிவு வந்தது: "ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க அக்கா, ஒரேயடியா வேணாம். பதினோராம் தரத்துக்கு மடக்கு தொடங்கிற நேரம் ஒராள் வந்தா நல்லம். லப்டொப் இப்ப வேணாம், எட்டு மவுஸ் இருந்தாக் கொண்டு வாங்க. வயர் உள்ள மவுஸ்தான் வேணும்."